நூற்றிருபத்தேழு டிகிரிக் காய்ச்சல்

"குரல் அருமை. ஆனால் பின்னால் மாவு மில் ஓடுகிறது. இன்று மாலைக்குள் மில் இல்லாமல் இன்னொரு முறை அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு குரல் பார்க்க வேண்டியிருக்கும்."

ஒலிப்புத்தக நிறுவனத்திலிருந்து வந்த பதிலை மனைவி முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள், நல்ல ஏற்ற இறக்கத்தோடு. 'மாவு மில்' வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதியைத் தொடர்ந்தாள்.

கணவன் மேஜைக்கு அடியில் பார்த்தான். மில் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவன் தொழில். யாரோ எழுதிய தடித்த புத்தகத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்து போயிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. தன் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பது மட்டும் வீடு திரும்பிய பிறகு யாராவது சொன்னால்தான் தெரியும்.

மனைவியின் கதை வேறு. பல வருஷமாக ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில் உட்கார்ந்து, "காத்திருந்தமைக்கு நன்றி" என்ற ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி அவள் குரலே காய்ந்து போயிருந்தது. அந்த மையம் மூடப்பட்டபோது வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள், அவளைத் தவிர. ஒரு நகைச்சுவை நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல் அத்தியாயத்தை மாதிரிக்கு வாசித்து அனுப்பியிருந்தாள். அனுப்பிய நாளிலிருந்து சமையலறையில் காய் நறுக்கும்போதுகூட அந்த நாவலின் தாசில்தார் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகவும் இப்படி ஆசைப்பட்டுக் கணவன் பார்த்ததில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் ரகசியம் பேசினாலும் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். "பழைய சிஸ்டமே நல்லாத்தான இருந்துச்சு, மாப்பிள்ளை? நீங்கதான் லினக்ஸ் போடறேன், லினக்ஸ் போடறேன்னு..."

"லினக்ஸுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்ல மாமா. மெஷினுக்குக் காய்ச்சல். அதான் ஃபேன் வேகமா ஓடுது. நான் மட்டும் பாத்துக்கலைன்னா இந்நேரம் வெந்து போயிருக்கும்."

இதைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிரக் காரணம் இருந்தது. போன மாதம் கணினியில் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிய கையோடு, உள்ளே எங்கெங்கே எவ்வளவு சூடு, எந்த விசிறி எவ்வளவு வேகம் என்று காட்டும் மென்பொருளையும் அவனே நிறுவியிருந்தான். முதலில், கணினியின் தாய்ப்பலகையில் சூட்டை அளக்கும் சென்சார்கள் என்னென்ன இருக்கின்றன என்று தேடும் ஒரு கட்டளை. அது கல்யாணத் தரகர்போலக் கேள்விமேல் கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று தட்டினான். முடிவில் கறுப்புத் திரையில் எண்கள் வரிசையாக வந்து நின்றன. நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. நடுவில் ஒன்று மட்டும் நூற்றிருபத்தேழு.

அடுத்து, எந்தச் சூட்டைப் பார்த்து விசிறி ஓட வேண்டும் என்று இன்னொரு நிரல் கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. யாருக்குக் காய்ச்சல் அதிகமோ அவரைத்தானே வைத்தியர் முதலில் பார்க்க வேண்டும்? நூற்றிருபத்தேழைச் சொன்னான். அந்த நொடி எழும்பிய விசிறி இன்றுவரை உட்காரவில்லை. உயிரைக் கொடுத்து உழைக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டான். திரை மூலையில் அந்த எண்ணைச் சிவப்பில் எப்போதும் தெரிகிறமாதிரி வைத்தான். கூடத்து ஸ்டாண்டு ஃபேனையும் தூக்கி வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினான். அன்றிலிருந்து மாமனாருக்குச் செய்தித்தாள்தான் விசிறி.

"எனக்கு வேர்க்குது, மெஷினுக்குக் காத்து" என்று அவர் தினம் ஒருமுறை முறையிடுவது வழக்கமாகிவிட்டது.

இப்போது அறைக்குள் மனைவி மறுபடி ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, ஜன்னலில் போர்வையை மாட்டி, நாற்காலிக்குப் பின்னால் குளிர்காலக் கோட்டு இரண்டைத் தொங்கவிட்டாள். எதிரொலியை அதெல்லாம் உறிஞ்சிவிடுமாம். மேஜைக்கு அடியில் இருந்ததை உறிஞ்ச எதுவும் இல்லை.

"கம்ப்யூட்டரைத் தூக்கிக் கூடத்துல வெச்சிரலாமா?" என்றான் அவன்.

"மைக் ஒயர் வாசப்படி வரைக்கும்தான் எட்டும். அப்புறம் நான் கூடத்துக்கே வந்து அப்பா மடியில உக்காந்துதான் படிக்கணும்."

"ஆஃப் பண்ணிட்டுப் படிக்கச் சொல்லுங்க, மாப்பிள்ளை!"

"எதுல ரெக்கார்டு பண்றதுப்பா? உன் காதுலயா?"

ஸ்டாண்டு ஃபேனை முதலில் நிறுத்தினார்கள். மாமனார் அதைச் சத்தமில்லாமல் கூடத்துக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருக்கும் விசிறி அப்படியே அலறிக்கொண்டிருந்தது. மனைவி ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது ஒரே சுதியில கத்துது."

"கத்தாம என்ன செய்யும்? அவ்வளவு சூடு."

"அதில்லங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன், அதே சத்தம். முந்தாநாள் மொத்த அத்தியாயத்தையும் ஒரே ஃபைலா மாத்தினப்போ எவ்வளவு நேரம் முக்கிச்சு! அப்பவும் இதே சத்தம்தான். உழைக்கிறவனுக்கு மூச்சு வாங்கினா ஏறணும், உக்காந்தா இறங்கணும். இது யாரையோ பாத்து பயந்தமாதிரி ஒரே கத்தலா கத்துது."

அவன் திரை மூலையைப் பார்த்தான். நூற்றிருபத்தேழு. காலையில் கணினியைத் தட்டியதும் பார்த்தான், அப்போதும் நூற்றிருபத்தேழு. நேற்று மழை பெய்து வீடே சில்லிட்டுக் கிடந்தபோதும் அதே.

"எவ்வளவு சூடுன்னு சொன்னீங்க?" என்று கூடத்திலிருந்து கண்டக்டர் கேட்டார்.

"நூத்தி இருபத்தேழு, மாமா."

"தண்ணியே நூறுல கொதிச்சிருமே. உள்ள ஒரு முட்டையை வெச்சிருந்தா அவிஞ்சிருக்குமே, மாப்பிள்ளை. தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக எண்ணைப் பார்த்துப் பதறியவன், பெட்டியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது தொட்டான். ஜில்லென்று இருந்தது. தண்ணீர்ப் பானைபோல.

ஒரு பெரிய ஒலிக்கோப்பை மாற்றும் வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு எண்களைப் பார்த்தான். கணினியின் மூளையான செயலியின் சூடு நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறியது, அறுபதைத் தொட்டது. வேலை முடிந்ததும் மெல்ல இறங்கியது. அதற்குப் பக்கத்தில் நூற்றிருபத்தேழு மட்டும் இமைகூட ஆட்டாமல் நின்றது.

எல்லாப் பக்கத்திலும் ஒரே பக்க எண் அச்சாகியிருந்தால் அவன் என்ன செய்வான்? சிவப்புப் பேனாவால் சுழித்து, 'இது பக்க எண்ணே அல்ல' என்று ஓரத்தில் எழுதுவான். ஒரு மாதமாக அதைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

இணையத்தில் தேடினான். இதே தாய்ப்பலகை வைத்திருப்பவர்கள் கூடும் ஒரு மன்றத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: அளக்கும் சில்லில் ஏழெட்டு சென்சாருக்கு இடம் உண்டு, பலகை செய்தவர்கள் நாலைந்தைத்தான் மாட்டுவார்கள், மாட்டாமல் விட்ட இடம் வாய்க்கு வந்ததைச் சொல்லும், கண்டுகொள்ளாதீர்கள்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். அசடு வழிந்தது. துடைக்கக் கைக்குட்டை போதாது.

"என்னங்க?"

"அங்க சென்சாரே இல்லையாம்."

"எங்க?"

"நூத்தி இருபத்தேழுல."

மனைவி ஹெட்போனைக் கழற்றினாள். "அப்போ இல்லாத ஒருத்தருக்குக் காய்ச்சல்னு சொல்லி, இருக்கிற எங்க எல்லாரையும் ஒரு மாசமா அந்த அலறலைக் கேக்க வெச்சிருக்கீங்க?"

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்றது?"

கூடத்தில் ஸ்டாண்டு ஃபேன் காற்றில் செய்தித்தாள் படபடத்தது. அதற்கும் மேலாக மாமனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. மனைவி கொஞ்ச நேரம் முறைத்தாள். முறைப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவளும் குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சீக்கிரம் மாத்துங்க. வெளிச்சம் சாயறதுக்குள்ள நான் முடிக்கணும்" என்றாள்.

எந்தச் சூட்டுக்கு எந்த விசிறி என்று கேட்கும் அந்த நிரலை முதலிலிருந்து ஓட்டினான். அது ஒவ்வொரு விசிறியாக நிறுத்தி நிறுத்தி, எது நின்றது என்று சோதிக்கும். எந்த எண் எந்த விசிறி என்று போன தடவை அவன் பார்க்கவே இல்லை. இந்தத் தடவை குனிந்து எட்டிப் பார்க்கப் போனவனை மனைவி தடுத்தாள். "நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் விசிறி நின்றது.

"கீச்சுக் குரல் நின்னுச்சு. யாரும் கேக்காட்டியும் தன்பாட்டுக்கு முணுமுணுத்துட்டே இருக்குமே, அது. நம்ம சின்னம்மா மாதிரி."

செயலியின் தலைமேல் இருப்பது. அவன் அதற்குச் 'சின்னம்மா' என்றே பெயர் கொடுத்தான். திரை தமிழை மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

"ரைட், போலாம்!" என்றார் கூடத்திலிருந்து கண்டக்டர்.

அடுத்தது நின்றது. நின்றதும் அறையே வேறாகிவிட்டது. காதிலிருந்து யாரோ பஞ்சை எடுத்ததுபோல் இருந்தது. மாடிப்படியில் யாரோ செருப்புத் தேய்த்து நடப்பது கேட்டது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டியது.

"இதுதான்" என்றாள் அவள் மெதுவாக. "தடிச்ச குரல். இதான் மில்லு. நம்ம பெரியப்பா."

பின்பக்க விசிறி. பெரியப்பாவை நூற்றிருபத்தேழிடமிருந்து மீட்டு, செயலியின் சூட்டோடு சேர்த்து வைத்தான். நாற்பத்தைந்துக்குக் கீழே சும்மா இருக்கலாம், அதற்கு மேல் போனால் மெல்ல எழுந்து நடக்கலாம், எழுபதானால் மட்டும் ஓடலாம். இல்லாத சென்சாரைக் காட்டவே வேண்டாம் என்று இன்னொரு வரியும் எழுதினான். விசிறி நிரலை மறுபடி ஓட விட்டான். சிவப்பு எண் திரையிலிருந்து மறைந்தது. சின்னம்மா மட்டும் எங்கோ அடுத்த தெருவில் முணுமுணுத்தாள்.

ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒரு நிபந்தனை. வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. இதைச் சொல்லும்போது மனைவி தன் அப்பாவைத்தான் பார்த்தாள். கணவனும் அவரைத்தான் பார்த்தான். அவர் ஸ்டாண்டு ஃபேனை நிறுத்திவிட்டு, தன் வாயின்மேல் செய்தித்தாளை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

அவன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். கணினியின் எண்கள் கைபேசியில் தெரிகிறமாதிரி செய்திருந்தான். உள்ளே மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. கதையில் தாசில்தார் தன் தொப்பியைத் தேடத் தொடங்கினார். நாற்பத்து நாலு. நாற்பத்தாறு. பெரியப்பா எழுந்தார். அவன் காதைக் கதவோடு ஒட்டினான். பெரியப்பா வெறுங்காலில் நடக்கிறவர்போல் அறையைச் சுற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்து நாலு. மறுபடி உட்கார்ந்தார்.

அவனுக்கு அப்போதுதான் உடம்பு தளர்ந்தது. எண்ணை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டான். ஒரு மாதமாக அந்த மில்லுக்கு அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு குரல் இருந்ததா? தாசில்தார் ஊரையே கூட்டி, வீட்டையே புரட்டி, கடைசியில் யாரோ ஒரு குழந்தை அவர் தலையைச் சுட்டிக்காட்டுகிறது. தொப்பி தலையில்தான் இருக்கிறது. மனைவி அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். காலையில் 'மாவு மில்'லுக்கு விட்ட அதே இடைவெளி.

அவனுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்துவதற்குள் பாதி வெளியே போய்விட்டது.

மாமனார் செய்தித்தாளுக்கு மேலாக அவனை முறைத்தார். ஒரு சத்தமும் போடாமல்.

மனைவி நிறுத்தவில்லை. அத்தியாயத்தை முடித்து, கோப்பை அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து வெளியே வந்து, "சிரிச்சது அப்பான்னுதான் நெனச்சேன்" என்றாள்.

பதில் வருவதற்குள் அவள் கூடத்துக்கும் அறைக்குமாக எத்தனை நடை நடந்தாளோ. கைபேசி சிணுங்கியபோது மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இந்த முறை அவள் மனசுக்குள் படிக்கவில்லை. நேராக வாய்விட்டே படித்தாள்.

"மில் நின்றுவிட்டது, நன்றி. தொப்பி கிடைக்கும் இடத்தில் ஓர் ஆண் சிரிக்கிறார். அந்தப் பத்தியை மட்டும் மறுபடி வாசித்து அனுப்புங்கள். யார் அவர் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் புத்தகத்தை உங்களிடம் கொடுக்க முடிவு செய்ததற்கு அவரும் ஒரு காரணம்."

அவள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை குரல் லேசாக உடைந்தது. அதை ஒலிப்பதிவு செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

"மாப்பிள்ளை சிரிப்புக்குத்தான் புத்தகமே!" என்றார் மாமனார். இத்தனை நேரம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததில் பக்கத்து வீட்டுக் குழாய்கூட நின்றிருக்கும்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரே ஒரு பத்தி. அது முடியற வரைக்கும் இந்த வீட்டுல நானும் பெரியப்பாவும் மட்டும்தான்."

இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். மாமனார் ஸ்டாண்டு ஃபேனை விட்டுவிட்டு வந்த வருத்தத்தில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டார். கொஞ்சம் காற்று மாப்பிள்ளை பக்கமும் வந்தது. அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எவ்வளவு?" என்றார் அவர், தன் கணக்கில் ரகசியமாக. மாடிப்படி முழுக்கக் கேட்டது.

"நாப்பத்திமூணு, மாமா."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா. வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."