இரண்டு நிழல் விழுந்த படம்

அன்னபாக்கியம் சின்னம்மாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை, அதுவும் கொஞ்சநஞ்ச நம்பிக்கை இல்லை. அக்கா மகள் மாதுமையின் குறிப்பையும் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் குறிப்பையும் ஈப்போவில் ஒருவரிடம் காட்டினார், போதாதென்று காம்பாரில் இன்னொருவரிடமும் காட்டினார். இரண்டு பேரும் பொருந்துகிறது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. மாதுமை அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா பொருத்தம் பார்த்தது கட்டம் போட்ட காகிதத்தில், இவள் பார்க்க நினைத்தது ஒரு காட்டுப் படத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆயர் தாவாருக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால், யாரும் பால் வெட்டாமல் கைவிட்ட பழைய ரப்பர் தோட்டம் ஒன்று இருக்கிறது. கொடியும் புதரும் ஏறி அது காடாகவே ஆகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன், பிப்ரவரியில் மரங்கள் இலை கொட்டும் சமயம் மாதுமையும் அவள் முதல் கணவன் ரூபனும் அங்கே போனார்கள். செம்மண் பாதையில் நின்று அவள் படம் எடுத்தாள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால், இரண்டு பேருடைய நிழலும் சருகின் மேல் நீளமாக விழுந்து மரங்களின் வேர் வரைக்கும் போயிருந்தது. அதே வருடம் பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்த ரூபன் திடலிலேயே சுருண்டு விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. நாலு வருடமாக மாதுமை அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை.

திறக்க வைத்தது ஒரு விளையாட்டு. மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை முடிந்தால் அவளுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு புகைப்படம்தான். அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒருவர் ஒரு படத்தைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதே படத்தை அவரவர் மனம்போல எடிட் செய்து போட வேண்டும். அவள் முறை வந்தபோது கை ஏனோ அந்தப் படத்துக்குப் போனது. நிழல் யாருடையது என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சோகத்தில் செய்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னதான் செய்வார்கள் என்று பார்க்கிற ஆசை, வேறொன்றும் இல்லை.

முதலில் வந்தது தர்மேந்திரனுடையது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர், எல்லாவற்றையும் கல்யாணக் கோலத்தில்தான் பார்ப்பார். சருகையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கவிட்டு, மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் போட்டு, மேலேயிருந்து கதிர் கதிராக வெளிச்சம் இறக்கிவிட்டிருந்தார். பார்த்தால் ஏதோ ஐரோப்பா. நிழல் இரண்டையும் காணோம்.

ஓய்வுபெற்ற பொறியாளர் துரைசிங்கம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மரங்களைத் தூண் தூணாக நிற்கவைத்து, கீழ்ப் பகுதியை நறுக்கென்று வெட்டியிருந்தார். "அடியில கிடந்த குப்பைய எடுத்துட்டேன்" என்று குறிப்பு வேறு. அழகு நிலையம் நடத்தும் குமுதா கைப்பேசியிலேயே வேலையை முடித்துவிட்டாள். அவள் காட்டில் ஒரு அருவி கொட்டியது, ஒரு மான் நின்றது. "ஒங்க நெழலு விழுந்திருச்சுக்கா, ஒரே தட்டுல தூக்கிட்டேன்லா!" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. படமெடுக்கிறவருடைய நிழல் படத்தில் விழுந்தால் பிழை. கேமராவைக் கையில் எடுத்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மாதுமைக்குக் கோபமும் வரவில்லை. மானைப் பார்த்து நன்றாகவே சிரித்தாள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் காலில் குத்திய முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஹரிஷாந் என்ன செய்வார்?

இந்த ஹரிஷாந்தான் மாப்பிள்ளை. காம்பாரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முதல் கல்யாணம் ஒத்துவராமல் விவாகரத்தில் முடிந்தது. அக்காவோடு பெண் பார்க்க வந்தபோது, அந்த அக்கா மாதுமையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பழசெல்லாம் தொடச்சிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிக்கணும் பிள்ள" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மாதுமை கையை மெல்ல உருவிக்கொண்டாள். தம்பிக்காரரோ ஒன்றும் சொல்லாமல் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்? இந்த மனுஷன் துடைக்கிற ஆளா, இல்லையா? துடைக்கிற ஆள் என்றால் வேண்டவே வேண்டாம். அக்கா மெல்பர்னுக்கு விமானம் ஏறுவதற்குள், ஞாயிற்றுக்கிழமையே பதில் சொல்ல வேண்டும் என்று சின்னம்மா நெருக்கினார். உடனே, மனம்போல எடிட் செய்து அனுப்புங்கள் என்று அவருக்கும் அந்தப் படத்தை அனுப்பினாள் மாதுமை.

மறுநாள் பதில் வந்தது. படம் வரவில்லை, கேள்வி வந்தது.

"இத வேற யாரும் எடிட் பண்ணாங்களா?"

"மூணு பேரு."

"நீங்க எப்படிப் பண்ணீங்க?"

"நான் பண்ணல."

"அப்ப நீங்களும் பண்ணுங்க. நானும் பண்றேன். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொறந்து காட்டுவோம். சரியா?"

ஆலாமாக், ஐயையோ! வலை விரித்தவளே வலையில் மாட்டிக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சரி என்று அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னம்மா கோயிலுக்குப் போன பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் வெளிச்சத்தை ஏற்றினாள், இறக்கினாள். பச்சையைக் குறைத்தபோது மரப்பட்டையின் பழைய வெட்டுத் தழும்புகள் தெளிவாகத் தெரிந்தன. அது பிடித்திருந்தது. பிறகு நிழலுக்கு வந்தாள். அழிக்கிற கருவியை எடுத்து ரூபனின் தோளின்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த இடத்தில் சருகு வந்து மூடிக்கொண்டது. அவ்வளவுதான். அவசர அவசரமாகப் பழையபடி மீட்டாள். தோள் திரும்பி வந்தது. மூச்சும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, முழங்கையைத் தூக்கிக் கேமரா பிடித்திருந்த தன் நிழலின்மேல் கருவியை வைத்தாள். இழுத்தாள். அது சுலபமாகப் போனது. ஒரு தடங்கலும் இல்லை. காட்டுக்குள் நீளும் ஒற்றை நிழல் மட்டும் மிஞ்சியது. படம் கச்சிதமாக இருந்தது. மூன்று பேருக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றியதே என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

ஈப்போவுக்கும் காம்பாருக்கும் இடையில் பொதுவாக இருக்கட்டும் என்று சிம்பாங் பூலாயில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், இரைச்சல். மேஜையின் பிசுபிசுப்பை ஹரிஷாந் கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கிற ஆள்தான் போலிருக்கிறது என்று மாதுமை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மொதல்ல நான் காட்டுறேன்" என்று அவர் மடிக்கணினியைத் திருப்பினார்.

மரங்களைக் காணோம்! எல்லாரும் கொண்டாடிய மரங்களை அவர் வெட்டித் தள்ளியிருந்தார். சருகுத் தரையும், வேர்களும், அந்த இரண்டு நிழல்களும்தான் படம் முழுக்க இருந்தன.

"மரத்த எங்க வேணாலும் பாத்துக்கலாம்லா" என்றார் ஹரிஷாந். "இந்த ரெண்டு பேரு யாரு, என்னத்த பாக்குறாங்கன்னுதான் எனக்குத் தெரியணும். இது ஒங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. ரூபன்."

"தலையில என்ன, மூக்கு மாதிரி பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு?"

"தொப்பி. திருப்பித்தான் போடுவாரு. சொன்னா கேக்க மாட்டாரு."

"கையில பை இருக்கே."

"நாசி லெமாக் சோறு. கடையில பொட்டலமா தாப்பாவ் பண்ணிட்டு வந்தாரு. காட்டுக்குள்ள ஒக்காந்து சாப்பிடணும்னு ஒரே அடம்."

"சாப்டாரா?"

"எறும்பு சாப்டுச்சு."

ஹரிஷாந் கடகடவென்று சிரித்தார். மாதுமைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாலு வருடத்தில் எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ரூபன் எப்படித் தொப்பி போடுவான் என்று கேட்டவர் ஒருத்தர் உண்டா? அவளுக்கு இந்த மனுஷனைப் பிடித்துவிட்டது. மனசு லேசாகி, நம் சோதனை முடிந்தது, இவர் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே தன் கணினியைத் திருப்பினாள்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லா இருக்கு. அவரு இருக்காரு. நீங்க எங்க?"

"அது… காம்போசிஷனுக்காக. ஒரு நிழல் இருந்தா படம் கச்சிதமா இருக்கும்."

"ஓ" என்றார். கோப்பியைக் கலக்கினார். விடவில்லை. "எனக்கு வெளங்கல, அதான் கேக்குறேன். அவர அழிக்க மனசு வரலன்னா புரியுது. ஒங்கள எதுக்கு அழிச்சீங்க?"

மாதுமைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் இந்த ஆள், நேற்று வந்தவர், என் படத்தில் என்னைத் தேட? பதிலடி கொடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"எப்ப அழிச்சீங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நேத்து மத்தியானம்."

சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அவன் போன பிறகு ஒரு படத்திலாவது அவள் நின்றதுண்டா? உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதுண்டா? தீபாவளிக்குச் சின்னம்மா எடுத்துக் கொடுத்த சேலைகள் பிரிக்காமலே கிடக்கின்றன. ஊரார் ரூபனைத் துடைத்துவிடுவார்கள் என்று காவல் காத்துக் காத்து, கடைசியில் துடைத்துப் போட்டது யாரை?

"இல்ல" என்றாள். "நாலு வருஷமாச்சு."

அழுகை வந்தது. ரூபனுக்காக அவள் எவ்வளவோ அழுதிருக்கிறாள். தனக்காக அழுதது அன்றைக்குத்தான். ஹரிஷாந் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கைப்பேசி அடித்தது. சின்னம்மாதான்.

"பிள்ள, அவர்ட அக்கா லைன்ல இருக்கிறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

மாதுமை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எதிரே இருந்தவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள்.

"சம்மதம்னு சொல்லுங்க சின்னம்மா."

அந்தப் பக்கம் சின்னம்மாவின் குரல் தழுதழுத்தது. "நெசமாவா? நான் நெருக்குறேன்னு எனக்காகச் சொல்லாத பிள்ள."

"ஒங்களுக்காக இல்ல சின்னம்மா" என்றாள் மாதுமை. "யாருக்காகவும் இல்ல. எனக்கு வேணும்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்து மேஜையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே என்று இருந்தது அவளுக்கு.