ஒரே தேதியில் இரண்டு கையெழுத்து

புதிய அரசு பதவியேற்ற பதினோராம் நாள், தலைவர் அறைக்கும் துணைத்தலைவர் அறைக்கும் நடுவிலிருந்த வராந்தா நாற்பது அடியிலிருந்து நூற்றுப்பத்து அடியாக நீண்டிருந்தது. முதலில் கண்டவள் கூட்டித் துடைக்கிறவள். ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற தரைக்கு அன்று மூன்று வாளி பிடித்தது. முந்தின நாள், பெரிய மேசையின் தலைப்பக்கத்தில் யார் உட்காருவது என்று இருவரும் முகம் சிவந்து பிரிந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆகையால் யாரும் காரணம் கேட்கவில்லை. பொறியாளர் நாடா பிடித்து அளந்தார். வெளியே போய்ப் பார்த்தார், கட்டடம் இருந்தபடியே இருந்தது. அறிக்கை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த வராந்தாவில் கோப்பு தூக்கி நடக்கிற வேலை ஒரு பியூனுக்கு. அவன் தம்பி சிறையில் இருந்தான். பழைய ஆட்சியில், இதே இரண்டு பேரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற சுவரொட்டியை ஒட்டியதற்காகப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்சி மாறியதும், அப்படி உள்ளே போன நாற்பத்து மூன்று பேரையும் விடுவிப்பதாக அறிவித்தார்கள். ஆனால் ஒருவர் முந்திக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிடுவாரோ என்று மற்றவருக்குப் பயம். அதனால் ஒவ்வொரு விடுதலைத் தாளிலும் இருவர் கையெழுத்தும் ஒரே தேதியில் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். தம்பி தாளை மேலே வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பியூன் அதைக் கட்டின் அடியில் வைத்தான். கூட்டுகிறவள் அப்போதே சொன்னாள்: "மேல வைங்கண்ணே. இவங்க முறைச்சுக்கிற முறைப்புல நாளைக்கு இந்த வராந்தா எங்க போய் நிக்குமோ."

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றான் அவன்.

நாற்பத்திரண்டு பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தம்பி முறை வந்தது, காவல்துறை யாருக்கு என்று சண்டை நடந்ததற்கு மறுநாள். தலைவர் கையெழுத்தோடு பியூன் ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தக் கோடிக் கதவைத் தட்டியபோது, அடுத்த நாள் விடிந்திருந்தது. வெளியே சுற்றிப் போனால் நிமிஷ வேலைதான். கோப்பு வாசல் தாண்டக்கூடாது என்பதும் விதி. துணைத்தலைவரின் உதவியாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து தேதி போட்டிருக்கே. அவர் தேதிக்கு எங்க ஐயா இறங்கி வருவாரா? ஐயா இன்னிக்குத் தேதி போடுவார், நீ இன்னிக்கே தலைவர்கிட்ட வாங்கிடு."

"இன்னிக்கே போய்ச் சேர முடியாதுங்க."

"அது உன் காலு சமாச்சாரம்ப்பா."

பிறகு வருஷங்கள் போயின. இலாகா ஒன்றுக்கான சண்டைக்கு அரை நாள் நடை, மைத்துனர்களுக்குப் பதவி கொடுத்தபோது இரண்டு நாள் நடை என்று வராந்தா வளர்ந்தது. வழியில் டீக்கடை வந்தது. முடிவெட்டுகிறவர் நாற்காலி போட்டார். கூட்டுவதற்கு அறுபது பேரை எடுத்தார்கள். பியூனுக்குப் பல் இரண்டு விழுந்தது. மடிப்பில் கிழிந்து கிழிந்து தாளைப் பதினேழு முறை புதிதாக அடித்தார்கள்.

நாலாம் வருஷம் வராந்தா ஊர்க்கோடியிலிருந்த சிறைக்குள் புகுந்து, தம்பியின் கம்பிக்கதவுக்கு முன்னால் போயிற்று. தம்பிக்கு நரைத்திருந்தது.

"என்னண்ணே, யார் கையெழுத்தோட வர்றே?"

"தலைவரோடது."

"தேதி?"

"போன வியாழன்."

தம்பி சிரித்தான். காவலர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து போகையில் ஒரு தரம், வருகையில் ஒரு தரம், பியூன் அங்கே உட்கார்ந்து எழுந்தான்.

இருவரும் சமாதானமாகப் போகிறார்கள் என்று ஒரு நாள் டீக்கடையில் பேச்சு. பியூன் மூச்சிரைக்க வந்து சொன்னான்: "வராந்தா சுருங்கிடும்டா. ஒரே நாள்ல ரெண்டையும் வாங்கிடுவேன்."

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சுருங்கினா நீ இந்தப் பக்கம் வரமாட்டியேண்ணே."

கையெழுத்து கிடைத்தால் நீயே வெளியே வந்துவிடுவாயே என்று சொல்லத்தான் பியூன் வாயைத் திறந்தான். ஆனால் முக்காலியைக் கம்பிக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

யார் யாருடைய அறைக்கு வருவது என்பதில் சமாதானம் முறிந்தது. வராந்தா மேலும் மூன்று நாள் நடை நீண்டதாகத் தகவல் வந்தபோது, அண்ணனுக்கும் தம்பிக்கும் போன உயிர் திரும்பி வந்தது. காவலரிடம் சொல்லி ஒரு டீ வாங்கி, கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாகக் குடித்தார்கள்.