காற்றுக்கு விரித்த தபால்தலைகள்

ஜான்ரோஸ் வாத்தியார் சயரோகத்தில் இறந்த வருஷம் வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. தக்கலையில் அவருடைய ஓட்டுவீட்டில் மனைவி பூங்கனியும், கல்யாணமாகாத தங்கை ராகேலும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் விட்டுப்போனது ஒரு தபால்தலை ஆல்பம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களிலும், மிஷன் துரைமார் கிழித்துப் போட்ட உறைகளிலுமிருந்து சேர்த்தவை. நடுவில் திருவிதாங்கூரின் சங்குப் படம் போட்ட தலைகள்.

உயிரோடிருந்தவரை யாரையும் அதைத் தொட விட்டதில்லை. மழை மாதங்களில் மேஜைமேல் நிமிர்த்தி, ஏடுகளை விசிறிபோல் விரித்து வைப்பார். மூடிக் கிடந்தால் கோந்து இளகித் தலைகள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடும்.

ஒரு மத்தியானம் பூங்கனி அவர் அறைக்குள் போனபோது ஆல்பம் அப்படியே விரிந்து நின்றது. ராகேலின் வேலை என்று நினைத்து, சாரல் படாமல் மூடி வைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் விரிந்திருந்தது.

அதன்பிறகுதான் இருமல் கேட்டது. அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். சாத்திய அறைக்குள்ளிருந்து வறண்ட, அடக்கிய இருமல். அவர் இருமலேதான். அவளுக்குப் பயம் வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தினமும் அதற்காகக் காத்திருந்தாள். பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. இருமல் ஓய்ந்த பிறகு உள்ளே போய், ஏடுகளுக்கிடையே ஒற்றுத்தாள் வைப்பாள். ஒட்டியவற்றை ஈரத்துணியில் இளக்கி எடுப்பாள். பக்கத்தில் அவர் நின்று பார்ப்பதாகத் தோன்றும்.

ஆடியில் ஒருநாள் இருமல் நிற்கவே இல்லை. தாங்கமாட்டாமல் கதவைத் தள்ளினாள். மூலையில் ராகேல் குந்தியிருந்தாள். வாயில் திணித்த முந்தானையில் ரத்தம்.

"எத்தன நாளா ஏட்டி?"

"பங்குனியிலேர்ந்து இருக்கு மைனி. ஒங்களுக்குக் கேக்கப்படாதுன்னுதான் இங்க வந்து இருமிட்டு, பொறவாசல் வழியாப் போயிருவேன். அண்ணன் கெடந்த கெடப்ப இப்பத்தான பாத்து முடிச்சீங்க."

பூங்கனிக்கு முதலில் இரக்கம் வரவில்லை. கேட்டது அவர் இல்லை என்பதுதான் நெஞ்சில் இடித்தது. அந்த நினைப்பை அவளே வெறுத்தாள். அருகில் உட்கார்ந்து ராகேலின் வாயைத் துடைத்தாள்.

"அப்ப அத விரிச்சு வைக்கதும் நீதானா?"

ராகேல் மேஜையைப் பார்த்தாள். "நீங்கல்லா வைக்கீங்க? நான் அதத் தொட்டதே இல்ல மைனி."



மறுநாள் காலை வண்டி பிடித்து ராகேலை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஒரு பக்க நுரையீரல்தான் கெட்டிருக்கிறது, பிழைப்பாள் என்றார் டாக்டர். மார்த்தாண்டத்திலிருந்து பூங்கனியின் அண்ணன் ஜெபதாஸ் வந்து கூப்பிட்டார்.

"இந்த வீட்டுல ஒத்தையில எப்பிடி இருப்பே மக்கா?"

"இருந்துக்கிடுவேன் அண்ணே."

இருந்தாள். இருமல் கேட்கவில்லை. ஆல்பத்தை அவள் மூடுவதை விட்டுவிட்டாள். அந்த மழையில் ஒரு தலைகூட ஒட்டவில்லை.

அடுத்த ஈஸ்டர் கழிந்து ராகேல் உடம்பு தேறி வந்தாள். பூங்கனி அவளைக் கைகழுவித் துடைக்கச் சொல்லி, ஓரம் மடங்காமல் தலைகளைச் சாமணத்தால் இடுக்கி எடுக்கக் காட்டிக்கொடுத்தாள். மத்தியானங்களில் இருவரும் அந்த அறையில் பாய் விரித்து, தரையில் உட்கார்ந்து, இளக்கி எடுத்த தலைகளை மறுபடி ஒட்டுவார்கள். மேஜையடியில் வாத்தியாரின் நாற்காலி இருந்தது. அதில் உட்காரலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.