மாடு இல்லாத பதினோரு வீடுகள்

சாணத்தையும் சமையல் கழிவையும் கரைத்து ஊற்றினால் அடுப்புக்கு வாயு தரும் கலன்களை அந்தத் தெருவில் பதினான்கு வீடுகளுக்குக் கொடுத்து ஆறு வருஷமாகியிருந்தது. அவை இனியும் தாங்குமா என்று பார்த்து எழுத ஓர் ஆய்வாளர் வந்தாள். படிவத்தின் முதல் கேள்வி, 'வீட்டில் மாடு உண்டா?' இல்லையென்றால் 'பயனற்றது' என்று எழுதிவிட்டு நடையைக் கட்டலாம். பதினோரு வீடுகளில் மாடு இல்லை.

"அப்போ விறகடுப்புதானாக்கா?" என்று அவற்றில் ஒரு வீட்டுத் தையல்காரியிடம் கேட்டாள்.

"யார் சொன்னா? உள்ள வந்து பாருங்க."

அடுப்பைத் திருகியதும் நீலத் தீ குப்பென்று பிடித்தது. சுவரில் கரியே இல்லை.

"எல்லாம் என் நாத்தனார் கைவேலை. குழாய்க்காரின்னு கேளுங்க, தெருவுக்கே தெரியும்."

குழாய்க்காரி காய்கறிச் சந்தையில் பெருக்குபவள். அங்கே குழியில் கொட்டும் அழுகலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, அரைத்து, வீடு வீடாகக் கலன் குழாயில் ஊற்றிவந்தாள்; அதனால்தான் அந்தப் பேர்.

"முதல்ல பழத்தோலா அள்ளிப் போட்டேன். புளிச்சுப்போய் அத்தனை கலனும் படுத்துருச்சு. ஒரு மாசம் தெருவே என்னை வறுத்தெடுத்துச்சு. அப்புறம் மாடு இருக்கிற மூணு வீட்டுச் சாணத்தையும் கலந்து பாத்தேன், அளவு பிடிபட்டுச்சு."

ஆய்வாளர் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "அதுக்குப் படிவத்துல இடமில்லையேம்மா" என்றார்.

அவள் கிளம்பவில்லை. ஒரு வாரம் தங்கி, கழிவை எடைபோட்டாள்; அடுப்பு எரிந்த நேரத்தைக் குறித்தாள். பத்து வீடுகளில் இரண்டு வேளைச் சமையலும் வாயுவில்தான். ஒரு வீட்டில் கலன் விரிசல். அதையும் மறைக்காமல் எழுதினாள்.

மேலதிகாரி நேரிலேயே வந்தார். "நாங்க வர்றோம்னு தெரிஞ்சு பத்தவெச்சிருப்பாங்க."

குழாய்க்காரிக்குச் சுருக்கென்றது. "எந்த வீடுன்னு நீங்களே கையைக் காட்டுங்க சார்."

கடைசி வீட்டைக் காட்டினார். கதவைத் தட்டியதும் உள்ளிருந்து ஒரு குரல்: "யாரது? சோறு பொங்குது, விஷயத்தைச் சட்டுனு சொல்லுங்க!"

எட்டிப் பார்த்தார். நீலத் தீ. அடுத்த வீட்டிலும் அதே. ஐந்தாவது வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, படிவத்தின் முதல் கேள்வியை அடித்து, 'கலனுக்குத் தினமும் தீனி எங்கிருந்து வருகிறது?' என்று எழுதினார். பத்து வீடுகளுக்கும் 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டார். தெருவே கைதட்டியது. ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் நான்கு ஊர்களிலிருந்து பொறியாளர்கள் பாடம் கேட்க வந்தார்கள். குழாய்க்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கலன் மூடியைத் திறந்தாள்.

"புளிச்சிருக்கான்னு வாடையிலதான் தெரியும். யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது, சொல்லிட்டேன்!"