தனப்பிரியாவுக்கு அரை மாத்திரை

பள்ளிக்கூட வேன் ரோட்டு மேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தனப்பிரியாவின் ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. அவள் கொடிக்கால் வரப்பில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடிகள் ஏறியிருந்தன. வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்து, பச்சையாக மாறி, தண்ணீரில் விழுந்து அசைந்தது. எங்கோ வெகுதூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது போல ஹாரன் சத்தம் அவள் காதில் விழுந்தது.

“தனம், வேனு போயிருமாட்ட இருக்குது. அங்க என்ன பண்ற?” வாசலிலிருந்து அம்மா மலர்விழி கேட்டாள்.

“சாக்ஸ் போட்டுட்டு இருக்கறேன்ம்மா.”

அவள் பொய் சொல்லவில்லை. சாக்ஸ் போடத்தான் உட்கார்ந்தாள். நடுவில் தண்ணீர் வந்துவிட்டது.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் காவிரிப் பாசனத்தில் வெற்றிலை பயிரிட்டிருந்தான் அவள் அப்பா தீனதயாளன். அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் தனியார் பள்ளியின் அலுவலகத்திலேயே மலர்விழிக்கு வேலை. அதுதான் மலர்விழியின் கஷ்டம். மற்ற அம்மாக்கள் எப்போதாவது கேட்கிற புகாரை அவள் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டாள்.

வகுப்பு டீச்சர் அனிதா கெட்டவள் இல்லை. “தங்கமான புள்ளைங்க. யாரையும் அடிக்கறதில்ல, சத்தம் போடறதில்ல. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்குது. ஆனா கேள்வி அதுகிட்டப் போய்ச் சேர மாட்டேங்குது. கணக்குல பாதி போட்டுட்டு மீதியை எங்கயோ உட்டுட்டு வந்துருது. ஒருக்கா டாக்டர்கிட்டக் காமிச்சுப் பாருங்க.”

மலர்விழி திட்டிப் பார்த்திருந்தாள். டியூஷன் வைத்துப் பார்த்திருந்தாள். ஒருநாள் தொடையில் கிள்ளியும் பார்த்தாள். கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே அந்தப் பெண் ஜன்னல் வழியே ஒரு மேகத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, மலர்விழிக்கு அழுகை வந்தது.

தீனதயாளனுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. “புள்ள சாந்தமா இருக்குது. சாந்தமா இருக்கறதுக்கெல்லாமா டாக்டரு?” என்று சொல்லிவிட்டு வெற்றிலை கிள்ளப் போய்விட்டான். மலர்விழி மகளை மட்டும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் அறிவுச்செல்வி அவசரப்படவில்லை. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ராத்திரி நன்றாகத் தூங்குகிறாளா என்று எல்லாவற்றையும் பார்த்தார். அனிதா டீச்சரோடு போனில் பேசினார். அடுத்த முறை வந்தபோதுதான் பெயரைச் சொன்னார்.

“இதை ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுவோம். துறுதுறுன்னு ஓடற குழந்தைங்களை எல்லாருமே கவனிச்சிடுவாங்க. இவ உள்ளுக்குள்ளயே ஓடறா. அதனால வெளிய தெரியல. பொண்ணுங்ககிட்ட இது தெரியாமலே போயிடறது நிறைய.”

முதலில் அவர் மாத்திரை எதுவும் தரவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லச் சொன்னார். வகுப்பில் முன் பெஞ்சு, கொஞ்ச நேரம் படிப்பு, நடுவில் எழுந்து ஒரு ஓட்டம், நேரத்துக்குத் தூக்கம் என்று ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார். திட்டுவதை நிறுத்தச் சொன்னார். சில மாதங்களில் வீட்டில் நிலைமை தேவலையானது. தனப்பிரியா இரண்டு சாக்ஸோடும் வேன் ஏறினாள். ஆனால் வகுப்பில் பாடம் இன்னும் அவளைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் அம்மாவிடம், “நான் மக்காம்மா?” என்று கேட்டாள். கோபமில்லாமல், மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

மலர்விழி அதைப் போய்ச் சொன்ன பிறகுதான் மருத்துவர் அரை மாத்திரை எழுதினார். “எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டியதில்ல. இவளுக்குக் கொடுத்துப் பாக்கலாம். பசி, தூக்கம் ரெண்டையும் கவனிங்க, பழையபடி சிரிக்கறாளான்னும் பாருங்க. என்னைக் கேக்காம கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.”

வீட்டில் அன்று பெரிய சண்டை. “பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரையை எம்புள்ளைக்குக் குடுப்பியா? நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேண்டாமா? ஊரு என்ன பேசும்?” என்றான் தீனதயாளன். பக்கத்துத் தோட்டத்திலிருந்த அவன் அண்ணன் செங்கோட்டையன் அதற்கு ஒத்து ஊதினார். “நம்ம வம்சத்துல ஆருக்கும் இப்படி இல்ல. இதெல்லாம் டாக்டருங்க கட்டற கதை.”

மலர்விழி மறுநாளே தொடங்கிவிட்டாள். காலையில் இட்லிக்குப் பிறகு அரை மாத்திரை கொடுத்தாள்.

மெல்ல மாற்றம் தெரிந்தது. கணக்குகள் முடிவு வரைக்கும் வந்தன. அனிதா டீச்சர் வராந்தாவில் நிறுத்தி, “இன்னைக்கு அதுவா கை தூக்குச்சுங்க,” என்றாள். மலர்விழிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தச் சந்தோஷம்தான் அவளை வழி தவற வைத்தது. அரையாண்டுப் பரீட்சை நெருங்கியபோது ஒரு காலையில் அவளுக்குத் தோன்றியது: அரைக்கே இவ்வளவு என்றால், முழுசாகக் கொடுத்தால்? பரீட்சை முடிகிற வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. முழு மாத்திரையாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

தனப்பிரியா அசையாத குளம் போலானாள். சொன்னதைச் செய்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. ராத்திரியில் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். மழை பெய்தபோது ஜன்னல் பக்கம் தலை திரும்பவில்லை. பரீட்சையில் நல்ல மார்க் வந்தது. மலர்விழி அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். பரீட்சை முடிந்தும் முழு மாத்திரை நிற்கவில்லை.

தீனதயாளன் வேறொன்றைப் பார்த்தான். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடுகிற காலையில், மகள் ஒரு காலை எட்டி வைத்து, குனிந்துகூடப் பாராமல் அதைத் தாண்டிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை, லீவில் தூங்கிய மகள் எழுவதற்கு முன்பே மலர்விழி வேலைக்குப் போய்விட்டாள். அவள் போனதும் அவன் மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வீசினான். “இன்னைக்கு உனக்கு மாத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வா சாமி, ஜேடர்பாளையம் போலாம்,” என்று மகளை வண்டியில் ஏற்றினான்.

அங்கே காவிரி அணையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடியை யாரோ ஓயாமல் மடித்து மடித்துக் கீழே விடுவது போல அது வழுக்கி விழுந்தது. விழுந்த இடத்தில் எழுந்த சாரல் காற்றோடு வந்து முகத்தில் ஒட்டியது. அக்கரையில் வாழைத் தோப்புகள் பாதி புகையாகவும் பாதி பச்சையாகவும் தெரிந்தன. ஒரு கொக்கு தண்ணீருக்கு மேலே தன் நிழலைத் தானே துரத்திக்கொண்டு போனது. நேரம் போகப் போகத் தனப்பிரியாவின் கண்கள் மெல்ல நடமாடத் தொடங்கின. நுரையில் ஒரு யானை தெரிகிறது என்றாள். அந்த யானைக்கு வால் இல்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தீனதயாளன் நினைத்தான். தான் ஜெயித்துவிட்டதாகவும் நினைத்தான்.

“இந்தப் படியிலயே உக்காந்திரு. மீன் வறுவல் வாங்கிட்டு வாரேன். எங்கயும் போகக் கூடாது, சரியா?”

“சரிங்கப்பா.”

அவன் திரும்பி வந்தபோது படியில் அவள் செருப்பு மட்டும் இருந்தது.

அந்த நொடியில் ஆற்றின் சத்தம் முழுவதும் அவன் தலைக்குள் புகுந்துகொண்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோரமாக ஓடினான். எந்தப் பாவாடையைப் பார்த்தாலும் அவள் பாவாடை போல இருந்தது. சற்றுத் தள்ளி இருந்த துணி துவைக்கும் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று தனப்பிரியாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உங்க புள்ளைங்களா? ஒரு ஆகாயத்தாமரைப் பூ மெதந்து போச்சுங்க. அது பின்னாடியே தண்ணிக்குள்ள நடந்து போவுது. கூப்புடக் கூப்புடத் திரும்பல. இன்னும் கொஞ்சம் போயிருந்தா அங்க ஆழமுங்க.”

தீனதயாளன் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிடக்கூடக் கை வரவில்லை. படியில் உட்கார்ந்து தன் துண்டால் மகளின் காலைத் துடைத்தான். மீன் பொட்டலம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

“அப்பா கூப்பிட்டது கேக்கலியா சாமி?”

“கேட்டுச்சுங்கப்பா. தூரத்துல கேட்டுச்சு. பூ கிட்டத்துல இருந்துச்சு.”

பிறகு, இத்தனை மாதங்களில் ஒருமுறைகூடக் கேட்காததை அவளிடம் கேட்டான். “அந்த மாத்திரை போட்டா உனக்கு எப்படி இருக்குது?”

தனப்பிரியா ஆற்றைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். “மொதல்ல எல்லாரும் ஒரே நேரத்துல எங்கிட்டப் பேசுவாங்க. டீச்சர், ஃபேன், காக்கா, பக்கத்துப் புள்ளயோட பென்சில், எல்லாரும். அரை மாத்திரை போட்டா ஒவ்வொருத்தரா வருவாங்க. அது நல்லாருக்கும். இப்ப அம்மா முழுசாக் குடுக்கறாங்க. முழுசாப் போட்டா ஆருமே வர மாட்டேங்கறாங்க.”

“முழுசா?” என்றான் தீனதயாளன்.

அவள் தலையாட்டினாள். அப்புறம், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னாள். “அம்மாவுக்கு மாத்திரை போட்ட தனத்தைப் புடிக்குது. உங்களுக்கு மாத்திரை போடாத தனத்தைப் புடிக்குது. எனக்கு எது புடிக்கும்னு ஆரும் கேக்கலீங்கப்பா.”

வீடு திரும்பியபோது மலர்விழி வாசலில் நின்றிருந்தாள். மகளின் ஈரப் பாவாடையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. தீனதயாளன் சத்தம் போடுவான் என்று நினைத்தாள். அவன் வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான். “ஆத்துக்குள்ள நடந்து போயிருச்சு மலரு. டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தினது நான்தான்.” கொஞ்சம் விட்டு, “நீ கேக்காமக் கூட்டியிருக்கற,” என்றான்.

மலர்விழி கதவைப் பிடித்துக்கொண்டாள். “மார்க் வந்துச்சுங்க. மார்க் வந்ததும் எனக்கு வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. டப்பா நெறயத் திரும்பி வந்ததைக்கூடப் பசியில்லைன்னு நெனைச்சுட்டேன்.”

“நான் ஊரு பேசறதைப் பாத்துட்டு இருந்தேன்,” என்றான் அவன்.

மறுவாரம் மூன்று பேருமாகச் சேலத்துக்குப் போனார்கள். தீனதயாளன் அந்த அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நடந்ததை இருவரும் மறைக்காமல் சொன்னார்கள். அறிவுச்செல்வி கடிந்துகொண்டார். நியாயமான கண்டிப்புதான். ரத்த அழுத்தத்தையும் எடையையும் பார்த்துவிட்டு, மறுபடி அரை மாத்திரையில் தொடங்கினார். தண்ணீரோரம் போனால் மாத்திரை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். விட்டுப்போயிருந்த விளையாட்டும் படிப்புக்கு நடுவே ஓட்டமும் திரும்ப வரவேண்டும் என்றார். “கொஞ்ச காலம் பாப்போம். தேவைப்படற வரைக்கும் இருக்கட்டும். வேண்டாம்னு தெரிஞ்சா நானே மெல்ல நிறுத்திடறேன்.” பிறகு நாற்காலியைத் தனப்பிரியாவின் பக்கம் திருப்பிக்கொண்டு அவளிடம் நெடுநேரம் பேசினார். அப்பாவும் அம்மாவும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. தனப்பிரியா தண்ணீர் பாட்டிலைத் தொலைத்தாள், குடையைத் தொலைத்தாள். மார்க் கொஞ்சம் இறங்கியது. ஆனால் டப்பா காலியாக வந்தது. ராத்திரியில் படுத்ததும் தூங்கினாள். தூக்கத்துக்குள் போகிற வழியில் ஏதாவது ஒரு கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டே போனாள்.

மாசி மாதத்தில் செங்கோட்டையனின் பேத்திக்குக் காதுகுத்து. பரமத்தி வேலூர் மண்டபத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த செங்கோட்டையன், நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். “ஏந் தம்பி, புள்ளைக்கு இன்னும் அந்த மாத்திரையைத்தான் குடுத்துட்டு இருக்கறீங்களாமா? வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?”

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள் தனப்பிரியா. தீனதயாளன் இலையிலிருந்து கையை எடுத்தான்.

“ஆமாங்கண்ணா, குடுக்கறோம். வெளிய தெரியட்டுமுங்க. கண்ணு மங்கினா கண்ணாடி போடறோம், அதுல என்ன அவமானம்? மாத்திரை அவமானமும் இல்ல, மந்திரமும் இல்ல. சில புள்ளைக்கு அது வேணும், சில புள்ளைக்கு அது இல்லாமயே செரியாவும். எது வேணும்னு படிச்ச டாக்டரு சொல்லோணும், எப்படி இருக்குதுன்னு புள்ள சொல்லோணும். நாங்க ரெண்டையும் கேக்கல. மலரு மார்க்கைப் பாத்தா, நான் ஊரைப் பாத்தேன். புள்ளையைப் பாக்க ஆளில்லாமப் போச்சு. பெத்த புள்ளையை ஆத்துல பறிகொடுக்க இருந்தேன். அப்பத்தான் புரிஞ்சுதுங்கண்ணா, சீக்கு அவளுக்கில்ல, எங்களுக்குத்தான்னு.”

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். செங்கோட்டையன் தன் இலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணின் பக்கம் குனிந்து, முதல் தடவையாக அவளிடமே கேட்டார்.

“நீ சொல்லு சாமி. உனக்கு இப்ப எப்படி இருக்குது?”

தனப்பிரியா முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். அவள் யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லோரும் காத்திருந்தார்கள்.