நாற்பத்தெட்டு மணி நேரம் இன்னும் தொடங்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் பேன்ட்டின் வலது காலிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் தலையில் பழியைப் போடக்கூடாது.

கடையில் வாங்கிய பேன்ட் நாலு விரல் நீளம். தெருமுனைத் தையல்கடையில் கொடுத்தேன். தையலக்கா வலது காலை வெட்டி மடித்துத் தைக்கிற நேரத்தில், தானும் கணவரும் வெளிநாடு போய்வந்த கதையை முக்கால்வாசி சொன்னார். கதை ஓர் அருங்காட்சியக வாசலில் வந்து நின்றபோது வலது கால் முடிந்தது.

"மீதிய அடுத்த கால்ல சொல்றேன் தம்பி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் அவசரமா போகணும்" என்று பேன்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டார்.

மீதிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி வேறெப்படி இருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கல் பாவிய அந்தப் பழைய தெருக்களில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்து…"

(வேண்டாம். அக்கா வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.)

இரண்டாம் முயற்சி: ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழித்தவர். மகள் அவருக்கும் மனைவிக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து, நாலு நாள் வெளிநாடு சுற்றிவிட்டு வாருங்கள் என்றாள். மனைவி, அதாவது நம் தையலக்கா, பெட்டி கட்டினார். கண்டக்டர் தள்ளுபடி தேடினார்.

மூன்று மாதம் தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கடைசியில் கிடைத்தது ஒரு பாஸ். கோட்டை, கோபுரம், அரண்மனை, அருங்காட்சியகம் என்று முப்பத்தோரு பழைய இடங்கள். மூத்த குடிமக்கள் தள்ளுபடி, தம்பதி தள்ளுபடி, கூட்டமில்லாத மாதத் தள்ளுபடி, மூன்றும் சேர்ந்து. இருவருக்கும் ஒரே அட்டை. முதல் வாசலில் காட்டிய நொடியிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம் செல்லும்.

அந்தக் கடைசி வரிதான் வினை.

அக்காவுக்கு முப்பத்தோரு இடமும் வேண்டாம், ஒன்று போதும். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் யாரோ ஒரு ராஜாவின் கோட்டு இருக்கிறது, முந்நூறு வருஷத்துத் துணி. அதன் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். அக்கா எந்தச் சட்டைக்குக் கை ஏற்றினாலும் தோளோரம் ஒரு சின்னச் சுருக்கம் விழும். இருபத்தெட்டு வருஷமாக விழுகிறது. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தக் கோட்டில் சுருக்கம் இல்லை. எப்படி என்று உள்பக்கம் பார்த்தால்தான் தெரியும். கோட்டுக்கு அடியில் கண்ணாடி வைத்து உள்தையலைக் காட்டுகிறார்கள் என்று படத்தின் கீழே போட்டிருந்தது.*

* அவர் அந்த வரியை எனக்கு விரல் வைத்துக் காட்டினார். விரலில் ஊசி குத்திய தழும்புகள். இதை எங்கேயாவது உருக்கமாகச் சேர்க்கலாம் என்று நினைத்தேன், இடம் கிடைக்கவில்லை.

3

இந்தக் கண்டக்டரை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். அதனால் அவருக்கு ஒரு பழைய சோகத்தை வைத்து எழுதினேன். காலாவதியான பாஸோடு வந்த ஒரு கிழவரை ஒரு மழைநாளில் அவர் நடுவழியில் இறக்கிவிட்டு, அந்தக் கிழவர்…

கடைக்குப் போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். வாயில் குண்டூசியோடு கேட்டார். பிறகு குண்டூசியை எடுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. அவருக்குக் கஞ்சத்தனமும் இல்ல, சோகமும் இல்ல. டிக்கெட்னா ஒரு பக்தி. கிழிக்காத டிக்கெட் உயிரோட இருக்கும்பார், கிழிச்சா செத்துப்போச்சும்பார். அவ்ளோதான்."

கிழவரை இறக்கிவிட்டேன்.

4

சனிக்கிழமை மதியம் போய் இறங்கினார்கள். பாதி நாள் போய்விட்டதால் பாஸைத் தொடங்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அருங்காட்சியக வரிசையில் முதல் ஆளாக நின்றார்கள். வாசல்காரப் பெண் பாஸைப் பதிகிற கருவியை நீட்டினாள். கண்டக்டர் பாஸை நீட்டினார். நீட்டியதை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க?"

"இப்ப போட்டா செவ்வாக்கிழமை பத்து மணிக்கு முடியும். செவ்வாக்கிழமை கதவே பத்து மணிக்குத்தான் திறக்குறான். ஒரு நாள் காலையே போச்சு."

பின்னால் வரிசை முண்டியது. கண்டக்டர் ஓரமாக நகர்ந்து, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டார். பிறகு பழக்கதோஷம், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார். மொழி தெரியாத வெள்ளைக்காரர்களும் மற்றவர்களும் சொன்னபடி உள்ளே போனார்கள். வாசல்காரப் பெண் அவரை மேலிடத்திலிருந்து வந்தவர் என்று நினைத்து உட்கார நாற்காலி கொடுத்தாள்.

மதியம் இரண்டு மணிக்குப் போடலாம் என்று முடிவானது. இரண்டு மணிக்கு அறிவிப்புப் பலகையைப் படித்தார். திங்கட்கிழமை பத்தொன்பது இடங்களுக்கு விடுமுறை, அருங்காட்சியகம் உட்பட.

"பாஸுக்கு நடுவுல ஒரு திங்கக்கிழமைய வெச்சுத் தைக்க முடியுமா, நீயே சொல்லு."

"நான் கோட்டத்தான் பார்க்கணும். பாஸப் பார்க்க வரல."

"ராத்திரி தூங்குற நேரத்தையும் சேர்த்து எண்ணுறாங்கம்மா. அது எந்த ஊர் நியாயம்?"

இப்படியாக இருவரும் கோட்டையின் வெளிச்சுவரைப் பார்த்தார்கள். கோபுரத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். அரண்மனையின் கழிப்பறை, டிக்கெட் வாசலுக்கு வெளியே இருந்ததால் அதை இரண்டு முறை பார்த்தார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் தோள்களைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று எழுதியிருந்தேன். "அழுகையா வந்துச்சு" என்று அவரே திருத்தினார்.

செவ்வாய்க்கிழமை. இரவு விமானம். இனி எப்போது போட்டாலும் நஷ்டம் என்று காலையும் கணக்கிலேயே கழிய, மாலை நாலு மணிக்கு அதே வாசல். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். வாசல்காரப் பெண் அதே கருவியை நீட்டினாள். கண்டக்டர் பாஸைப் பையிலிருந்து பாதி எடுத்தார்.

"நாப்பத்தேழு மணி நேரம் வீணாப் போயிடும்மா" என்றார்.

இங்கேதான் வலது கால் முடிந்தது.

5

ஆகவே முடிவுகளை நானே போட்டுப் பார்த்தேன்.

அ) கண்டக்டர் பாஸைக் காட்டிவிடுகிறார். அக்கா கோட்டைப் பார்க்கிறார். விமானத்தில் கண்டக்டர் ஒவ்வொரு மணிக்கும் "இன்னும் நாப்பத்திரண்டு… நாப்பத்தொண்ணு…" என்று அறிவிக்க, பணிப்பெண் தண்ணீர் கொண்டுவருகிறாள். (சிரிப்பு வருகிறது. ஆனால் பக்தி ஒரு நொடியில் தோற்றுவிடுமா?)

ஆ) காட்டவில்லை. அக்கா திரும்பி நடக்கிறார். வீட்டுக்கு வந்து பத்து நாள்… (எழுத மனம் வரவில்லை. எனக்கு ஒரு கால் வேறு பாக்கி இருக்கிறது.)

இ) பாஸைப் பையில் வைத்துவிட்டு, கவுன்டருக்குப் போய், மனைவிக்கு மட்டும் முழு விலையில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொடுத்துவிட்டு, பாஸைக் காவல் காத்துக்கொண்டு வெளியே நிற்கிறார். (இப்படி ஒரு மனிதனை யாரும் நம்பமாட்டார்கள். அடித்துவிட்டேன்.)

6

அடித்ததோடு கடைக்குப் போனேன். கண்டக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே பாஸ்.

"இன்னும் உயிரோட இருக்கு தம்பி. டிசம்பர் வரைக்கும் எப்ப வேணா தொடங்கலாம். தொடாதீங்க, கண்ணால பாருங்க."

அப்படியானால் 'ஆ'தானா?

அக்கா மிஷினில் ஒரு சட்டைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். தைத்து முடித்து, உதறி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தோளோரம் சுருக்கம் இல்லை. திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கமும் இல்லை.

"பார்த்துட்டீங்களா" என்றேன்.

"ஒரு மணி நேரம் முழுசாப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால தரையில உட்கார்ந்துட்டேன். மூணு மாசம் தள்ளுபடி தேடின மனுஷன், தள்ளுபடி உண்டான்னுகூடக் கேட்காம முழு விலை கொடுத்தார்."

"அவர் உள்ள வரலையா?"

"அவர் எப்படி வருவார்? கையில பாஸ் இருக்கே. பாஸ வெச்சுக்கிட்டு யாராவது டிக்கெட் வாங்குவாங்களா?"

கண்டக்டர் தலையாட்டினார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வெளிய வந்ததும் முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? சுருக்கம் எப்படிப் போச்சாம்னு கேட்டார்."

அடித்த 'இ'யைத் திரும்ப எழுத வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை வாசலுக்கு வெளியே அவர் என்ன செய்தார்? அக்காவுக்குத் தெரியாது. அவரைக் கேட்டால் "சும்மா நின்னேன்" என்கிறார். நாற்காலி கிடைத்ததா, யாரையாவது உள்ளே அனுப்பினாரா, பாஸை எத்தனை முறை எடுத்துப் பார்த்தார், ஒருமுறையாவது கருவிப் பக்கம் கை போனதா என்று எனக்கும் தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். அது உங்களுக்கு. கூட ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நீங்கள் நினைக்க ஆரம்பிக்கிற நொடியிலிருந்துதான் கணக்கு. அவசரமில்லை, டிசம்பர் வரைக்கும் செல்லும்.