நூறு பேர் சொல்லாத பதில்

நாகலிங்கத்துக்குப் பரிசும் வேண்டாம், பேரும் வேண்டாம். செத்துப்போன பெண்சாதியின் குரலை ஒரே ஒரு தரம் கேட்டால் போதும். அதற்காகத்தான் கடைக்காரர் சாலியின் பெரிய டிவியை இரவல் வாங்கி தேயிலைத் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் வைத்து, நாலு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

யோகமலரின் குரல் வேறு எதிலுமே இல்லை, அதுதான் கொடுமை. போனை நீட்டினால், நீங்களே பேசுங்க என்று கையைத் தட்டிவிடுகிற மனுஷி. தங்கச்சி கல்யாண வீடியோவில் வாய் ஓயாமல் பேசுகிறாள். படம் பிடித்த பாவி முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கிவிட்டான்.

மிச்சம் இருந்தது இந்தப் போட்டி ஒன்றுதான். வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக நின்று விளையாடுவார்களாம். கொழும்பில் ஒரு சேனல்காரர்கள் அதை நம் நாட்டுக்குத் தமிழில் எடுத்தார்கள். ஒரு கேள்வியை முன்கூட்டியே நூறு பேரிடம் கேட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் சொன்னதை நாமும் சொன்னால் புள்ளி. வீட்டுக்கு ஐந்து பேர் வேண்டும். குருவிட்டயில் துணிக்கடையில் நிற்கும் மகன் ஜதீஸ்வரன் எழுதிப் போட்டான், கூப்பிட்டுவிட்டார்கள். அவன், மகள் தக்‌ஷிகா, நாகலிங்கம், யோகமலர், ஐந்தாவதுக்கு ஆளில்லாமல் காது மந்தமான மச்சான் என்று வேன் பிடித்துப் போனார்கள்.

கேள்வி இதுதான்: காலையில் வேலைக்குப் புறப்படும்போது மறக்காமல் எதை எடுப்பீர்கள்? தக்‌ஷிகா போன் என்றாள், மகன் பேர்ஸ் என்றான். மச்சான் கேள்வி விளங்காமலே குடை என்று சொல்லிப் பத்துப் புள்ளி வாங்கினார். யோகமலர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. உப்பு என்றாள். கொழுந்து பறிக்கிற மலையில் காலில் அட்டை ஏறினால் உப்பில்லாமல் என்ன செய்வது? கொழும்பில் அந்த நூறு பேரை எந்த அட்டை கடித்தது? பலகையில் பூச்சியம் விழுந்தது, சபை சிரித்தது. அவள் கூசவே இல்லை. நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு அட்டையைப் பற்றி விளக்க ஆரம்பித்து, இரண்டு நிமிஷம் நின்று பேசினாள்.

திரும்பி வந்த இருபதாம் நாள் அவளுக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்றே நாள், ஆள் முடிந்துவிட்டாள். அந்த இரண்டு நிமிஷத்தை நம்பித்தான் நாகலிங்கம் மூன்று மாதமாகச் சோறு தின்றார்.

நிகழ்ச்சி தொடங்கியபோது லயமே கூடியிருந்தது. யோகமலரோடு கொழுந்து பறித்த சோமாவதி, தமிழ் அவ்வளவாகத் தெரியாதவள், அவளும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தாள். மெரூன் சேலையில் யோகமலர் தெரிந்ததும் நாகலிங்கம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். மகள் சொன்னாள், மகன் சொன்னான், மச்சான் சொன்னார். அடுத்தது அவள். சரியாக அந்த இடத்தில் விளம்பரம் வந்தது. அது முடிந்து பார்த்தால், நாகலிங்கம் "சாப்பாட்டுப் பார்சல்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். அவர் குரல் கணீரென்று கேட்டது.

"கோ, யோகா?" என்றாள் சோமாவதி. எங்கே யோகா என்று சிங்களத்தில் கேட்டுத் திரையைக் கையால் காட்டினாள்.

பிறகும் இரண்டு தரம் யோகமலரைக் காட்டினார்கள். கை தட்டினாள். ஒரு தரம் என்னவோ சொன்னாள், அதன் மேல் நடத்துகிறவரின் பேச்சுத்தான் கேட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் மகன், சேனலில் நம்பர் கொடுத்திருந்த பிள்ளைக்குப் போன் எடுத்தான். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். நேரம் போதாதாம், புள்ளி இல்லாத இடத்தை வெட்டிவிடுவார்களாம், வெட்டியதை வைத்திருப்பதில்லையாம். அம்மா தவறியது தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன?

வந்த சனம் சும்மா போகவில்லை. யோகா அப்படி என்னதான் பேசினாள் என்று கேட்டார்கள். அட்டைக்குக் கண் தெரியாது, நம்ம வாசத்தைப் பிடித்துத்தான் வரும் என்று அம்மா சொன்னாள் என்றாள் தக்‌ஷிகா. இல்லை, அட்டைக்கும் வயிறு இருக்கே, அது எங்கே போகும் என்றுதான் அம்மா சொன்னாள் என்றான் ஜதீஸ்வரன். இரண்டு பேரும் வரிசையில் தள்ளி நின்றவர்கள், சபை போட்ட சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. இழுபறிப்பட்டுக் கடைசியில் அப்பாவிடம் வந்தார்கள்.

"நீங்கதானே அம்மா பக்கத்துல நின்னீங்க," என்றாள் தக்‌ஷிகா. "நீங்க சொல்லுங்கப்பா."

நாகலிங்கம் யோசித்துப் பார்த்தார். கண்ணைக் கூசிய வெளிச்சம் ஞாபகம் வந்தது. பலகையில் விழுந்த பூச்சியம் ஞாபகம் வந்தது. மானம் போகிறதே, இவள் வாயை மூட மாட்டாளா என்று பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது. அடுத்து சொல்ல வேண்டியது அவர். சாப்பாட்டுப் பார்சல், சாப்பாட்டுப் பார்சல் என்று மனதுக்குள் உருப்போட்டபடி, பின்னாலிருந்து அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே நின்றார். அவள் பேசியதில் ஒரு சொல்லும் அகப்படவில்லை. பிள்ளைகள் இரண்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பக்கத்துலதான் நின்னேன்," என்றார். "நான் கேக்கலம்மா."